முகவரியின் கடைசி எழுத்துகள்

தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் எங்களுக்கு ஒரு சுருக்கு வழி சொல்லித் தந்தார்கள். ஓர் இணையத்தளத்தின் முகவரி 'கொவ் டொட் எல்கே' என்று முடிந்தால் அது அரசாங்கத்தின் பக்கம், அதை நம்பலாம் என்பதே அது. பரீட்சைக்கு அந்த விடை போதும். மற்றப்படி அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. காரணம் 2020ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களைக் கையாள்வது பற்றி ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவையே என்றது. தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆகவேண்டும் என்பது பரவலான தப்பெண்ணம் என்றும் அதில் எழுதியிருந்தது. எங்கள் சுகாதார அமைச்சின் வழிகாட்டலும் முதலில் அடக்கத்துக்கு இடம் வைத்திருந்தது. சில நாட்களில், மார்ச் 31இல், அது திருத்தப்பட்டது. ஏப்ரல் 11இல் வர்த்தமானியும் வந்துவிட்டது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆகக் குறைந்தது 45 நிமிடம் எரிக்க வேண்டும். வேறு வழியில்லை.

சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். அடக்கினால் கிருமி நீரில் கலக்கும் என்றார்கள்.

தண்ணீர் என்றால் குடாநாட்டில் எவரும் காது கொடுப்பார்கள். இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் பருத்தித்துறையிலும் எங்கள் கிணறுகளுக்கு ஊற்று. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பது வீடு கட்டும்போதே பேசப்படும் விஷயம். ஆகவே அந்தக் காரணத்தைக் கேட்டதும் எங்கள் வீட்டிலும் ஒரு கணம் எல்லாரும் பேசாமல் இருந்தோம். உண்மையாக இருந்தால்? உம்மம்மாதான் முதலில் வாய் திறந்தார். "மையித்தில இருந்து தண்ணிக்கு நோய் போகுமெண்டால், நோயோட உயிரோட கிடக்கிற ஆள் கக்கூசுக்குப் போறாரே, அதில போகாதா?" அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

அந்தக் கேள்விக்கு அமைச்சின் எந்த அறிவித்தலிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. நீர் மாசுபடும் என்ற முடிவு இருந்தது. அதற்கான ஆய்வு எங்கே, எந்த மண்ணில், எந்த ஆழத்தில் என்பது இல்லை. 'நிபுணர் குழு' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் இதற்கெதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது, காரணமும் சொல்லவில்லை. அதே மாதத்தில் இருபது நாள் குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

மருத்துவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றே கூறின. அமைச்சு தானே நியமித்த இன்னொரு குழுவும் அவ்வாறே பரிந்துரைத்தது. ஆனாலும் 2021 ஜனவரியில் பாராளுமன்றத்தில் அமைச்சர் முடிவு மாறாது என்றார். (அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் அவர் கேகாலை நாட்டு வைத்தியர் ஒருவரின் கொவிட் பாணியைப் பலர் முன்னிலையில் அருந்திக் காட்டினார். பின்னர் அவருக்கே நோய் தொற்றியது. அறிவியலுக்குக் கட்டுப்பட்டு எரிக்கிறோம் என்றவர்களின் அறிவியல் இப்படி இருந்தது.)

அரசாங்கம் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுவது சுலபம், ஆபத்தும் கூட. இதே சுகாதார அமைச்சின் தடுப்பூசித் திட்டத்தால்தான் 1993க்குப் பிறகு இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் இல்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் டெங்கு பற்றிய அறிவித்தலைக் கண்டால் நான் முதல் வேலையாகப் பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்ப்பேன். தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் மாவட்டவாரியாக நோய்க் கணக்கை வெளியிடுகிறது. இலக்கம் இருக்கிறது, திகதி இருக்கிறது, சென்ற வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒரே முகவரியின் கீழ் இரண்டு விதமான பக்கங்கள். ஒன்று எப்படித் தெரிந்தது என்பதைக் காட்டுகிறது, மற்றது கட்டளையை மட்டும் காட்டுகிறது. பக்கச்சார்பு இரண்டாவதில்தான் குடிகொள்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் பார்க்கிறேன்: அறிவித்தலின் பாரம் யார் தலையில் விழுகிறது? எல்லாரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒரே பாரம். எரிக்கத்தான் வேண்டும் என்பது அப்படியல்ல. ஒரு சாராரை மட்டும் நோகடிக்கும் விதிக்கு மற்றதை விட இரு மடங்கு ஆதாரம் கேட்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

இது எங்கள் சமூகத்தின் துயரம் மட்டும் என்று எண்ணுபவர்களுக்குச் சுன்னாகத்தை நினைவூட்டுகிறேன். அங்கே மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததாக மக்கள் முறையிட்டபோது, மாகாண சபை நியமித்த நிபுணர் குழு அச்சப்படத் தேவையில்லை என்ற பாங்கில் அறிக்கை தந்தது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகளோ பல கிணறுகளில் அளவுக்கு மீறிய எண்ணெயைக் காட்டின. இரண்டுமே அரசின் வாய்கள்தாம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எண்ணெய் மிதந்த கிணற்றில் ஆபத்தைக் காணாத நிபுணத்துவம், அடுத்த ஆண்டு ஆறடிக்குக் கீழே கபனிட்ட உடலில் ஆபத்தைக் கண்டது. குழுக்கள் வேறுதான், ஆனால் 'நிபுணர்' என்ற சொல்லைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளும் நம் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்று.

2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. புதிய ஆய்வு எதுவும் வெளிவந்ததால் அல்ல. பாகிஸ்தான் பிரதமர் கொழும்பு வந்து போன மறுநாட்களில். முதலில் இரணைதீவைக் காட்டினார்கள், தீவு மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் துயில்கிறார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் அவர்களுள் உண்டு. நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் அங்கேதான் கொண்டு போகவேண்டும். ஒரு வருடம் கழித்து, 2022 மார்ச் 5 முதல், அவரவர் ஊரிலேயே அடக்கலாம் என்றார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றது. நீர்நிலைகளில் செய்த ஆய்வுகளின்படி பாதுகாப்பான அடக்கத்தால் கிருமி பரவாது, அது நீரில் சேர்வது பெரும்பாலும் மலத்தாலும் சிறுநீராலும்தான் என்றும் கூறப்பட்டது. செய்தியைக் கைப்பேசியில் வாசித்துக் காட்டினேன். உம்மம்மா தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்தாமல், "இதத்தானே நான் அண்டைக்குக் கேட்டனான்" என்றார்.