ரயிலுக்குக் கரன்ட் தரும் இடத்தில் இன்னும் ஏன் இந்த 'குண்டு' கருவி?

ரயில் பாதையின் மேல்கம்பி அறுந்து விழுந்தால் என்ன ஆகும்? அதில் இருப்பது 25,000 வோல்ட். துணை மின்நிலையத்தில் உள்ள பிரேக்கர் கண் இமைக்கிற நேரத்துக்குள் சப்ளையைத் துண்டிக்கணும். பிரேக்கருக்கு உத்தரவு போடுவது ரிலே. ரிலேவுக்குத் தகவல் சொல்வது கரன்ட் சென்சார். அது தப்பாகச் சொன்னால்?

இப்போது பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது சி.டி. எனப்படும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. நூற்றுக்கணக்கான ஆம்பியரை 5 அல்லது 1 ஆம்பியராகக் குறைத்து ரிலேவுக்குத் தரும். நம்பகமான கருவிதான், மறுக்கலை. ஆனால் பழுது வந்து கரன்ட் திடீர்னு பல ஆயிரம் ஆம்பியருக்கு எகிறும்போது இரும்பு 'நிரம்பி'விடும். அதுக்கப்புறம் உண்மையான அளவைக் குறைத்தே காட்டும். இதைத் தவிர்க்க இரும்பைக் கூட்டணும். கருவி குண்டாவது இப்படித்தான்.

மாற்று இல்லாமல் இல்லை. ரோகோவ்ஸ்கி காயில் 1912-லேயே வந்துவிட்டது. உள்ளே இரும்பே கிடையாது. பெல்ட் மாதிரி சுற்றி மாட்டலாம், நிரம்பும் தொல்லையும் இல்லை. இன்னொன்று ஆப்டிகல் சென்சார். காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் என்று மைக்கேல் ஃபாரடே 1845-ல் கண்டதுதான் அதற்கு அடிப்படை.

அப்புறம் ஏன் தயக்கம்? ரோகோவ்ஸ்கி தருவது சின்ன வோல்டேஜ். அதுவும் கரன்ட் எவ்வளவு என்பதை அல்ல, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் சொல்லும். பழைய ரிலேவோ 5 ஆம்பியர் கேட்கும். சென்சாரை மாற்றினால் ரிலேயையும் மாற்றணும், செலவு டபுள். ஆப்டிகலுக்கு வெயில் சூடு ஒரு தலைவலி.

ரயில்வேக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. பல கிலோமீட்டர் தள்ளி நடக்கும் பழுதில், கரன்ட் ஒரு கனமான சரக்கு ரயில் இழுக்கிற அளவுக்கே இருக்கலாம். அப்போது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது வோல்டேஜுக்கும் கரன்டுக்கும் இடையிலான கோணம். சென்சார் அதில் பிசகினால், ஒன்று ஓடுகிற ரயில் நடுவழியில் நிற்கும், இல்லை அறுந்த கம்பி மின்சாரத்தோடு தரையில் கிடக்கும். அதனால சின்னதா இருக்கு என்பதற்காக மட்டும் மாட்டிவிட முடியாது.

அதுக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். எப்படியும் ரிலே மாற்றப்போகிற நிலையங்களில், பழைய சி.டி.க்குப் பக்கத்திலேயே சிறிய சென்சாரையும் பொருத்தி, ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே. அதுவரை உத்தரவு போடும் வேலை பழையதிடமே இருக்கட்டும். அந்த அளவுகளை நம்ம சென்சார் தயாரிப்பாளர்களுக்கும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கும் திறந்துவிட்டால், டிசைனை எங்கே திருத்தணும்னு அவங்களே பார்த்துக்கொள்வார்கள்.