முகம் சொல்வதும் சொல்லாததும்

மாணவ நண்பர்களே, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் உங்களில் பலருக்கு நியூட்ரினோ நினைவுக்கு வரும். எளிதில் எந்தக் கருவியிலும் அகப்படாத அந்தத் துகளை ஆராய, அங்குள்ள மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பாலான கருவியை நிறுவத் திட்டமிட்டார்கள். 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பும் எழுந்தது. அது தனிக் கதை. நான் கேட்க வந்தது வேறு. ஒரு துகளைப் பற்றி நாலு வார்த்தை உறுதியாகச் சொல்ல விஞ்ஞானிக்கு இத்தனை இரும்பு வேண்டியிருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

பத்தில் ஒரு விநாடி போதும்! அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. முன்பின் தெரியாதவர்களின் படங்களைப் பத்தில் ஒரு விநாடி மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடில்லாமல் பார்த்தவர்கள் சொன்ன பதிலோடு அந்தப் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது முக்கியமாக ஒன்றுதான் கூடியது: சொன்னவரின் நம்பிக்கை.

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். பிறவியிலேயே புருவம் தாழ்ந்து, உதட்டோரம் கீழ்நோக்கி அமைந்த முகம், கோபம் கொண்ட முகத்தைப் போலத் தோன்றுகிறது. உடனே ‘இவர் பொல்லாதவர்’ என்று மனம் முடிவு கட்டுகிறது. பெரிய கண்ணும் உருண்டைக் கன்னமும் குழந்தையை நினைவூட்டுகின்றன. ‘இவருக்குச் சூதுவாது தெரியாது’ என்கிறது மனம். நம் எல்லோருடைய மூளையும் ஒரே மாதிரி இடறுவதால்தான் நம் பதில்களும் ஒத்துப்போகின்றன.

எம். என். நம்பியாரைப் பற்றி உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். திரையில் அவர் புருவத்தை உயர்த்திக் கைகளைப் பிசைந்தால் கொட்டகையே திட்டித் தீர்க்கும். அந்த மனிதரோ வாழ்க்கையில் மரக்கறி உணவு மட்டுமே உண்டவர். ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்டவர். பக்தர்கள் அவரைக் குருசாமி என்று வணங்கினார்கள். கம்பம், குமுளி வழியாக மலைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதன் பெருமை தெரியும்.

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறார்களே?” என்று கேட்கலாம். மனத்தில் அந்த வேளையில் ஓடுவது முகத்தில் ஓரளவு தெரியும் என்பது மெய்தான். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார். ஆனால் இன்றைய கோபம் வேறு, ஆயுள் முழுவதற்குமான குணம் வேறு. முகம் ‘இவர் யார்’ என்பதற்கு அருமையான அடையாளம். ‘இவர் எப்படிப்பட்டவர்’ என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இந்த வேறுபாட்டை மறந்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், மூக்கின் அமைப்பைப் பார்த்து, இவருக்கு ஊக்கம் போதாது என்று டார்வினை 1831-இல் ஒதுக்கிவிடப் பார்த்தார்! பிரான்சிஸ் கால்டன் குற்றவாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளிக்கே உரிய முகத்தைத் தேடினார். கிடைத்ததோ தனித்தனி முகங்களைவிடப் பார்வையான ஒரு சாதாரண முகம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து புத்தகங்களாக வெளியிட்டார். அளந்ததில் தவறில்லை. அந்த அளவுகள் மனிதர்களைத் தரம் பிரிக்கும் என்று நம்பியதுதான் தவறு.

1913-இல் சார்ல்ஸ் கோரிங் என்ற ஆங்கிலச் சிறை மருத்துவர், சுமார் 3,000 கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று எழுதினார். அதற்குப் பிறகும் நம் பகுதியில் நடந்தது என்ன? குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் 1918-இல் அன்றைய மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உசிலம்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை, ஒரு தவறும் செய்யாதவர்களும் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தச் சட்டம் முகத்தைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தது. ஆனால் தெரியாத ஒருவரின் குணத்தை வெளி அடையாளம் ஒன்றைக் கொண்டு முடிவு செய்வது என்ற வேர் ஒன்றுதான். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல்தான் நீக்கப்பட்டது. இதில் ஒரு விந்தை உண்டு. கைரேகை ஒருவரை ‘யார்’ என்று முகத்தைவிடத் துல்லியமாகச் சொல்லும் விஞ்ஞானச் சாதனம். குணத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. 2016-இல் சீனாவில் இருவர், முகப்படத்தைக் கொண்டே குற்றவாளியைக் கணிப்பொறி இனம் காணும் என்று எழுதினார்கள். மற்ற விஞ்ஞானிகள் படங்களை ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. குற்றமற்றவர்களாகக் காட்டப்பட்டவர்கள் கழுத்துப்பட்டை வைத்த வெள்ளைச் சட்டை அணிந்து, இலேசாகச் சிரித்த முகத்துடன் இருந்தார்கள். கணிப்பொறி கண்டுபிடித்தது சட்டையையும் சிரிப்பையும்தானோ!

வகுப்பில் முதல் நாளே முகத்தைப் பார்த்துத் தலைவரை நியமிப்பதும், ‘முரட்டு முழி’ என்று ஒருவனைக் கடைசி வரிசைக்கு அனுப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர்கள் பொறுத்தருள்க! இதையும் சோதித்தே பார்க்கலாமே. அடுத்த ஜூனில் புதிதாகச் சேரும் மாணவரைக் கண்ட உடனே, அவர் எப்படிப்பட்டவர் என்று தோன்றுவதை ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள். உறையிலிட்டு ஒட்டித் தேதி போட்டு வையுங்கள். அவரிடம் காட்ட வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிரித்து, எத்தனை சரி, எத்தனை தவறு என்று நீங்களே எண்ணுங்கள். ஒரு நிபந்தனை: அதுவரை அவரை எந்த வரிசைக்கும் அனுப்பக் கூடாது.