தொப்புளைச் சுற்றி வரும் வலி

எட்டு வயதுப் பிள்ளை காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. எங்கே வலிக்கிறது என்றால் தொப்புள்மேல் கையை வைக்கிறது. அரை மணியில் சரியாகிறது. நாலு நாள் கழித்து மறுபடி வருகிறது. பூச்சி என்கிறார் பாட்டி. குடல் ஏறியிருக்கிறது, தட்டிவிட ஆள் இருக்கிறது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். ரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் பரிசோதித்தாகிவிட்டது, எதிலும் குறை இல்லை. நிம்மதி தரவேண்டிய அந்த முடிவுதான் பல வீடுகளில் பயத்தைக் கூட்டுகிறது. காரணம் தெரியாத வலி என்றால் பெரிதாக எதுவோ ஒளிந்திருக்கிறது என்று மனம் ஓடுகிறது.

பெரும்பாலும் அப்படி இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் குழந்தைகள் மருத்துவர் ஜான் ஆப்லியும் நோரா நெய்ஷும் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மாதங்களில் மூன்று முறையாவது, செய்கிற வேலையை நிறுத்தும் அளவுக்கு வயிற்றுவலி வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு வந்திருந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே உறுப்பில் நோய் இருந்தது. வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு உறுப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் ஆப்லி சொன்னார். மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

அப்படியானால் பிள்ளை நடிக்கிறதா? இல்லை. குடலின் சுவர் முழுக்க நரம்பு செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன; அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. சில குழந்தைகளுக்கு, ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டிவைத்ததுபோல, சாதாரணமாகக் காற்று நகர்வதும் குடல் சுருங்குவதும்கூட வலியாகவே எட்டுகின்றன. கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்து போன பிறகு இப்படி ஆகலாம். பரீட்சைப் பயம், வகுப்பில் ஒருவனின் கேலி, வீட்டில் சண்டை எல்லாம் அதைக் கூட்டும். உறுப்பு நன்றாக இருக்கிறது, வலியும் உண்மை. மருத்துவர்கள் “ஒன்றுமில்லை” என்று ஒரே சொல்லில் முடிக்காமல் இதைச் சொல்லிப் புரியவைத்தால் பாதி அலைச்சல் குறையும்.

அந்த அலைச்சல் பெரும்பாலும் ஸ்கேனில் தொடங்குகிறது. வயிற்றை ஸ்கேன் செய்ததும் “குடலைச் சுற்றி நெறி கட்டியிருக்கிறது” என்று அறிக்கை வருகிறது. அதைப் படித்த வீட்டில் காசநோயா, புற்றுநோயா என்று அன்றிரவே அழுகை. நெறி என்பது உடலின் காவல் முடிச்சு. சளி, காய்ச்சல் வந்துபோகும் வயதில் அது கொஞ்சம் பெருத்திருப்பது இயல்பு. வேறு காரணத்துக்காக சி.டி. ஸ்கேன் எடுத்த குழந்தைகளைப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிய நெறி இருந்ததாக 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, வீட்டில் யாருக்கும் காசநோய் இல்லை என்றால், அறிக்கையின் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி காசநோய்க்கான ஆறு மாத மருந்தைத் தொடங்கக் கூடாது.

பூச்சி பற்றியும் ஒரு வார்த்தை. குடலில் நிறையப் புழு இருந்தால் வலி வரும்தான். ஒரு வயது முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். அதைத் தவறாமல் போடவையுங்கள். வலிக்கும்போதெல்லாம் கடையில் வாங்கிக் கொடுப்பது வேண்டாம்.

கேட்காமல் விடப்படும் கேள்வி வேறொன்று: பிள்ளை ஒழுங்காக வெளிக்குப் போகிறதா? “தினமும் போகிறானே” என்பார்கள் அம்மாக்கள். கொஞ்சமாக, கெட்டியாக, முக்கிப் போனால் அதுவும் மலச்சிக்கல்தான். பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம். பிள்ளை காலை எட்டு மணியிலிருந்து மாலைவரை அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் இறுகுகிறது, போகும்போது வலிக்கிறது, அந்தப் பயத்தில் இன்னும் அடக்குகிறது. இதைச் சரிசெய்ய ஒரு வாழைப்பழம் போதாது. மருத்துவர் தரும் இளக்கும் மருந்தைச் சில மாதங்களாவது நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவைக்க வேண்டும்.

ஆனால் சில அறிகுறிகள் வந்தால் ‘எப்போதும் வருகிற வலிதான்’ என்று உட்காரக் கூடாது. பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், கல்போல இறுகிய வயிறு, தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கி விடாமல் நீடிக்கும் வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் தட்டுகிறவரிடம் போய் நேரத்தை இழக்காதீர்கள். அதிகத் தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் போய், வயிறும் வலித்து வாந்தியும் வந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், தாமதமே கூடாது. பையன்களிடம் இன்னொன்று பார்க்க வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் கூச்சத்தில் ‘வயிறு வலிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். கால்சட்டையைக் கழற்றிப் பாருங்கள். எடை இறங்குவது, வளர்த்தி நின்றுபோவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இவற்றையும் மருத்துவரிடம் விடாமல் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லாத வலிக்கு வீட்டில் என்ன செய்வது? அமெரிக்க உளவியலாளர் லின் வாக்கரின் குழு 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டது. குழந்தைகளுக்கு நிறையத் தண்ணீர் கொடுத்து வயிற்றைக் கனக்கவைத்தார்கள். “ரொம்ப வலிக்கிறதா கண்ணு?” என்று பெற்றோர் வலியையே விசாரித்தபோது புகார் ஏறத்தாழ இரட்டிப்பானது, வேறு பேச்சுக்கு மாற்றியபோது பாதியாகக் குறைந்தது. பேச்சை மாற்றியது நன்றாக இருந்தது என்றார்கள் பிள்ளைகள். பெற்றோரோ அது பிள்ளையைப் பாதித்திருக்கும் என்று நினைத்தார்கள். எனவே வலியை நம்புங்கள், ஒருமுறை தடவிக்கொடுங்கள், பிறகு பேச்சை மாற்றுங்கள். பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் இருந்தால் டிவி, தின்பண்டம் என்ற பழக்கம் வேண்டாம். எப்போது வலித்தது, அதற்குமுன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அது இன்னொரு ஸ்கேனைவிடப் பயன்படும்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கட்டும். வகுப்பு நடுவில் பிள்ளை கைதூக்கிக் கேட்டால் இடைவேளைவரை காக்கவைக்காமல் உடனே அனுப்புங்கள்.