முதலில் பூட்டைத் திறங்கள்

எங்கள் ஊர் ஆலயத்தின் விளையாட்டு மைதானத்தைப் பொதுத் தோட்டமாக்கப் போகிறார்களாம். "சும்மா கிடக்கிற இடம்தானே" என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்ததாக அம்மா சொன்னாள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இடம் ஏன் சும்மா கிடக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நான் பள்ளியில் படித்த காலத்தில் சாயங்காலம் அங்கே பந்து விளையாட இடம் பிடிப்பதே பெரும்பாடு. பிறகு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் விளையாடியவர்கள் காலனிப் பையன்கள். (அரசே 2025இல் இந்தச் சொல்லை நீக்குவதாக அறிவித்துவிட்டது, எங்கள் ஊர் வாய் இன்னும் விடவில்லை.) ஒருநாள் ஆலயத்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உடைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. மறுநாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஆக, பயன்படாததால் பூட்டிய இடமல்ல அது, பூட்டியதால் பயன்படாமல் போன இடம்.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். கூலி வேலை செய்பவர் இங்கே ஒரு சென்ட் விளை வாங்கிவிட முடியுமா? 1855இல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தபோது சாம்பவருக்கும் புலையருக்கும் விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. கிறித்தவரான தலித்துக்கு 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியையும் மறுத்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுத்த சபைக்கு இதில் கடன் ஏதும் இல்லையா? ரிங்கல்தௌபேயைத் தென் திருவிதாங்கூருக்கு அழைத்த மயிலாடி வேதமாணிக்கம் ஒரு சாம்பவர். 1809இல் மயிலாடியில் எழுந்த ஆலயத்தின் கதையை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அவருடைய மக்கள் நாலு பாத்தி கேட்டால் மட்டும் கமிட்டி கூடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்ன தோட்டம் என்பதும் முக்கியம். புல்தரையும் குரோட்டன்சும் வைத்து, அந்தத் தெருப் பெண்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்துவிடக்கூடாது. ஆலயத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் அது கூலியில்லா வேலை. நிலமில்லாத வீடுகளுக்குப் பாத்தி பிரித்து எழுத்தில் கொடுங்கள். மரச்சீனியா, சேனையா, கீரையா என்று அவர்களே முடிவு செய்யட்டும். விளைவது அவர்களுக்கே. பாதி மைதானம் பையன்களுக்குப் பந்து விளையாட இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். தனியாக ஒரு குழாய் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். ஆலயத்துக் கிணற்றிலேயே வாளி விடட்டும். சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் சேர்ந்து குளிக்க வைத்தார். அதைத் தாண்டிப் போக வேண்டாம், அதுவரைக்குமாவது வாருங்கள்.

கேட்டின் சாவி இப்போது கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. விதை வாங்கப் பணம் பிரிக்கும் முன்பு, அந்தச் சாவிக்கு ஒரு நகல் வெட்டி அந்தத் தெருப் பெண்கள் கையில் கொடுங்கள்.