யாருடைய குற்றத்திற்கு மன்னிப்பு?



ரூ பஜோல் தெருவில் நம்மவர் கூடிநின்று நாட்டு அரசியல் பேசும்போது, "ஆண்டவர்களுள் சந்திரிகா அம்மையார் எவ்வளவோ மேல்" என்னும் கூற்று அடிக்கடி எழுகிறது. பின்வந்தோரின் கொடுமையைக் கண்டவர்களுக்கு முன்னவர் நல்லவராகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அக்கூற்றை நாம் நிதானமாக நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இதே பாரிஸ் மாநகரில் அரசியல் கற்றவர் அவர். சமாதானத்தை வாக்களித்து, 1994 நவம்பரில் 62 சதவீத வாக்குகளுடன் ஜனாதிபதியானார். தமிழரும் பெருவாரியாக அவருக்கே வாக்களித்தனர். 1995 ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம், ஏப்ரல் 19 அன்று திருகோணமலையில் புலிகள் கடற்படைக் கலங்களைத் தகர்த்ததோடு முறிந்தது. அதன்பின் மூண்ட யுத்தத்திற்கு அவருடைய அரசு சூட்டிய பெயர், "சமாதானத்துக்கான போர்."

அப்போரில், 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோவிலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் வெறுமையாயிற்று. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் மின்கலத்துக்கும் வடக்கு ஏங்கிய காலம் அது.

பின்பு அப்போர் தெற்கையும் தின்றது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபின் ஆயுதக் கொள்வனவுக்குப் பணம் பாய்ந்தது. 2001 யூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட, உல்லாசப் பயணத்துறை சரிந்தது. வரட்சியும் மின்வெட்டும் உலகச் சந்தையின் தளர்வும் சேர்ந்துகொள்ள, சுதந்திரத்திற்குப் பின் முதன்முறையாக அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ ஒன்றரைச் சதவீதம் சுருங்கிற்று. போரின் விலையை முதலில் வடக்கின் ஏழையும், அடுத்துத் தெற்கின் ஏழையும் செலுத்தினர்.

அவர் பட்ட துயரையும் மறைத்தலாகாது. தந்தையையும் கணவரையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர் அவர். 1999 டிசெம்பர் 18 அன்று தற்கொலைக் குண்டு அவரது ஒரு கண்ணைப் பறித்தது. உடனிருந்த பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு யூலையில், அவருடன் அரசியல் தீர்வுக்கு உழைத்த நீலன் திருச்செல்வமும் குண்டுக்கு இரையானார். இவற்றைக் குற்றமென்று சொல்லக் கூசும் நாவு, நீதி கேட்கும் உரிமையை இழந்துவிடும்.

2004 யூலையில், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்காக அவர் தமிழரிடம் மன்னிப்புக் கோரினார். அதனை நன்றியோடு ஏற்போம். ஆனால் 1983இல் ஆண்டவர் வேறொருவர். தம் ஆட்சியில் நவாலியில் சிந்திய இரத்தத்திற்காக எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. நீதி அவருக்கு எட்டாத பொருளன்று: செம்மணியில் பாடசாலை மாணவி ஒருவரையும் அவரைத் தேடிச் சென்றோரையும் கொன்ற படையினருக்கு, அவருடைய ஆட்சியிலேயே, 1998இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஒரு வழக்கில் இயன்றது மற்றதில் ஏன் இயலவில்லை?

பெருமந்தத்திலும் உலகப்போரிலும் அமெரிக்காவை வழிநடத்திய ரூசுவெல்ற்றை அந்நாடு இன்றும் போற்றுகிறது. எனினும் 1942இல் அவரது ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; 1988இல் அதே நாடு சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டு, உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கிற்று. தலைவரின் புகழைக் காக்க அவரது பிழையைப் புதைக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, ஆட்சியாளரை அவருக்குப் பின்வந்த கொடியவரோடு ஒப்பிட்டு மன்னித்துவிடாதீர்கள். அவர் காலத்தில் மாண்டவர்களின் முன்னிலையில் நிறுத்தி அளந்து பாருங்கள். நவாலியிலிருந்து தப்பிவந்தோர் நம்மிடையே இருப்பின், கண்டதைப் பெயரோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலேனும் சொல்லுங்கள். சாட்சி இல்லாத இடத்தில் மன்னிப்பும் வெறுஞ்சொல்லாகிவிடும்.

இறையாசி உங்களோடிருப்பதாக.