ஃபார்ம் போனா மனுஷன் இல்லையா?

உலகக் கோப்பை ஆரம்பித்துவிட்டால் போதும். நம் நாட்டில் எல்லாருமே தேர்வுக் குழு உறுப்பினர்கள்தான்! "அவரை ஏன் மூணாவதா இறக்கினாங்க?", "இந்தப் பிட்ச்சுல ரெண்டு ஸ்பின்னர் வேணாமா?", "அவன் ஃபார்மே போச்சு சார், உட்கார வைங்க!" பால் வாங்கப் போகிறவர் முதல், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பி.பி. பேஷண்ட் வரை இதே பேச்சு.

கல்வராயன் மலை மேலே இருக்கிற வெள்ளிமலை மட்டும் விதிவிலக்கா என்ன? மரவள்ளிக் காட்டில் வேலை முடித்து வருகிறவர்கள், கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நிற்கும் மாணவர்கள் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதினோரு பேர் லிஸ்ட் கையில் ரெடி!

இந்தப் பேச்சைக் குறை சொல்ல நான் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், பல வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் சரிசமமாக உட்கார்ந்து வாதாடுகிற ஒரே விஷயம் கிரிக்கெட்தான். "போப்பா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மகன் சொன்னாலும் அப்பாவுக்குக் கோபம் வராத நேரம் அது. மனசு விட்டுப் பேசுவது நல்லதுதானே?

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான். நாம் தீர்ப்புச் சொல்லும் விதம்! ரிசல்ட் தெரிந்த பிறகு தீர்ப்பு எழுதுகிறோம். எடுத்த முடிவை விட்டுவிட்டு, எடுத்த ஆளைத் திட்டுகிறோம்.

1996 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன். டாஸ் ஜெயித்த அசாருதீன், இலங்கையை முதலில் ஆடச் சொன்னார். காரணம் இல்லாமல் இல்லை. அதே மாதம் 2-ம் தேதி டெல்லியில் நாம் எடுத்த 271 ரன்னை இலங்கை அநாயாசமாகத் துரத்திப் பிடித்திருந்தது. முதல் ஓவரிலேயே கலுவிதாரணாவும் ஜெயசூர்யாவும் அவுட். "ஆஹா, என்ன மூளை!" என்றோம். ராத்திரி, 1 விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆனது. மைதானத்தில் பாட்டில்கள் பறந்தன. ஆட்டம் நிறுத்தப்பட்டு, இலங்கை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. "டாஸ்ல கோட்டை விட்ட முட்டாள்" என்றோம். மத்தியானம் மூளைசாலி, ராத்திரி முட்டாள். முடிவு ஒன்றேதான், ரிசல்ட்தான் மாறியது!

இதற்கு நேர் எதிர், 2011 ஏப்ரல் 2, மும்பை இறுதிப் போட்டி. 275 ரன் இலக்கு. 3 விக்கெட் விழுந்ததும், தொடர் முழுக்க வெளுத்துக் கட்டிய யுவராஜை உட்கார வைத்துவிட்டு தோனி இறங்கினார். அந்தத் தொடரில் அதுவரை அவர் ஒரு அரை சதம்கூட அடித்திருக்கவில்லை! முரளிதரன் பந்து வீசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் கம்பீர் இடது கை ஆட்டக்காரர் என்பதால், வலது கைக்காரர் வருவது நல்லது என்ற கணக்கு. தோனி 91 நாட் அவுட், கோப்பை நமக்கு. அன்று அவர் 5 ரன்னில் அவுட்டாகி நாம் தோற்றிருந்தால்? அதே கணக்கை "திமிர்" என்று சொல்லியிருப்போம். சொல்லியிருப்போமா இல்லையா?

சரி, ஃபார்ம் விஷயத்துக்கு வருவோம். 2024 டி20 உலகக் கோப்பையில் விராட் கோலி முதல் 7 ஆட்டங்களில் எடுத்தது மொத்தமே 75 ரன். அதில் இரண்டு டக் வேறு. "ஜெய்ஸ்வால் வெளியே இருக்கும்போது இவரை ஏன் ஓப்பனிங் இறக்கணும்?" என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். பிறகு இறுதிப் போட்டியில் அவர் 76 ரன் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார் என்பதற்காக அந்தக் கேள்வி தப்பாகிவிடாது. ஆனால் நம்மில் பலர் அந்தக் கேள்வியோடு நிற்கவில்லையே! "காலி பெருங்காய டப்பா", "வீட்டுக்கு அனுப்பு" என்று ஆளையே தூக்கிக் குப்பையில் போட்டோம். வீட்டில் டி.வி. முன்னால், பிள்ளைகள் காது கேட்க.

இங்கேதான் எனக்குக் கவலை. அந்தப் பிள்ளையும் ஒரு ஆட்டக்காரன்தான். அரையாண்டில் கணக்கு சரிந்திருக்கும். பத்தாம் வகுப்பு நெருங்கிக்கொண்டிருக்கும். "நாலு மேட்ச் சரியா ஆடலேன்னா நம்ம வீட்டில் மனுஷனாவே மதிக்க மாட்டாங்க" என்ற பாடத்தை அது கிரிக்கெட்டிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நம் வாயிலிருந்து கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மார்க் குறைந்தால் நம்மிடம் காட்டுமா, ஒளித்து வைக்குமா?

பிள்ளைக்கு மனசு என்றால், பெரியவர்களுக்கு உடம்பு. ஆளைத் திட்டும்போது யாருக்கு வலிக்கிறது? ஆட்டக்காரருக்கு இல்லை, அவர் காதில் விழப்போவதே இல்லை! கோபத்தில் அட்ரினலின் சுரந்து, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுவது நமக்குத்தான். 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தபோது மியூனிக் வட்டாரத்தில் டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் இதயக் கோளாறால் வந்த அவசர கேஸ்கள் 2.66 மடங்கு! ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் இன்னும் அதிகம். ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் உச்சம். 2008-ல் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இது. கால்பந்துக் கணக்கை அப்படியே கிரிக்கெட்டுக்குப் போட முடியாதுதான். ஆனால் இதயத்துக்கு எந்தப் பந்து என்றா தெரியும்?

வெள்ளிமலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. ராத்திரி நெஞ்சு வலி வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு வளைவு வளைவான மலைப் பாதையில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியாக வேண்டும். "கடைசி ஓவர் முடியட்டும்" என்று உட்கார்ந்தால், போவது ஒரு ஓவர் மட்டுமல்ல!

அதனால் தாராளமாக விவாதம் பண்ணுங்கள். இந்தச் சில விஷயங்களை மட்டும் வீட்டில் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்:

* டாஸுக்கு முன்னாலேயே ஆளாளுக்கு ஒரு தாளில் தங்கள் பதினோரு பேரை எழுதி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரும் புளுக முடியாது. சிரிப்புக்கும் சிரிப்பு!

* ஒரு முடிவைக் குறை சொல்லும் முன், "அந்த நேரத்தில் கேப்டனுக்கு என்ன தெரிந்திருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

* ஷாட்டைத் திட்டலாம், ஆளைத் திட்ட வேண்டாம். ஆட்டக்காரரின் சாதி, மதம், மனைவி, குழந்தை பக்கம் பேச்சு போனால் அங்கேயே நிறுத்துங்கள்.

* பி.பி. மாத்திரை, சாப்பாடு இரண்டும் வழக்கமான நேரத்துக்கே. இன்சுலின் போட்டுக்கொண்டு "இன்னிங்ஸ் பிரேக்கில் சாப்பிடறேன்" என்று தள்ளிப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

* நெஞ்சில் அழுத்தம், வியர்வை, கைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் ஸ்கோர் பார்க்காதீர்கள். உடனே 108.

* ஆட்டம் நள்ளிரவைத் தாண்டினால் பள்ளிப் பிள்ளைகளைத் தூங்க அனுப்புங்கள். ஹைலைட்ஸ் எங்கேயும் ஓடிவிடாது.

அடுத்த மேட்ச்சில் உங்கள் அபிமான வீரர் டக் அவுட் ஆகலாம். "பரவாயில்லை, பயிற்சி பண்ணி வருவார். ஆனா அந்த ஷாட் தேவையில்லாதது" என்று ஒரே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைத் தனக்கும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்ளும். பைக்குள் இருக்கிற மார்க் ஷீட்டை மறுநாள் அதுவே எடுத்து நீட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள்!