பொட்டி பத்தாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப நடந்த கதை இது. எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஏன்னா இதுல முதல் குற்றவாளி நானேதான். சரி, நம்ம மக்கள்கிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம் :-)

விருதுநகர்ல என் சித்தி பையன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். பைதான்ல பைகேம் வச்சு தானே ஒரு கேம் எழுதிக்கிட்டு இருந்தான். மரியோ மாதிரி ஓடிக் குதிக்கிற விளையாட்டு. போன வருஷக் கடைசியில போன் பண்ணி, "அண்ணே, மேப் பெருசாகப் பெருசாக கேம் மாட்டுவண்டி மாதிரி போகுதுண்ணே. என்ன பண்ணலாம்?"னான். நான் ஆபீஸ்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருந்த நேரம். "என்ன லேப்டாப்டா?"ன்னு கேட்டேன். பழைய செகண்ட் ஹேண்ட் ஐட்டம்னு சொன்னான். "கான்ஃபிகரேஷன் பத்தாதுடா, கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா ஒண்ணு வாங்கச் சொல்லு"ன்னுட்டு வச்சுட்டேன். மொத்தமே ரெண்டு நிமிஷம்தான்.

பொங்கலுக்குப் போனா, சித்தப்பா கடையில விலையெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கார். 55 ஆயிரமாம். சித்தி கையில கிடந்த ரெண்டு வளையலும் டப்பாவுக்குள்ள போயிருச்சு. மாட்டுப் பொங்கல் முடிஞ்சதும் அடகு வைக்கிறதா ஏற்பாடு. "நீதானப்பா சொன்னியாம், தம்பிக்கு இது பத்தாதுன்னு. நீ அந்த ஃபீல்டுலயே இருக்கவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்"னார் சித்தப்பா. சாப்பிட்ட பொங்கல் தொண்டையிலயே நின்னுருச்சு.

அப்புறம்தான் அவன் எழுதின கோடைத் திறந்து பார்த்தேன். போன்லயே கேட்டிருக்க வேண்டிய விஷயம்.

இந்த மாதிரி விளையாட்டுல உலகம் முழுக்க சின்னச் சின்ன சதுர ஓடுகளால ஆனது. புல் ஒரு ஓடு, செங்கல் ஒரு ஓடு, வானம் ஒரு ஓடு. எந்தக் கட்டத்துல எந்த ஓடுன்னு ஒரு எண் அட்டவணை இருக்கும், அவ்வளவுதான் மேப். நம்மாளு மேப் 400 கட்டம் அகலம், 60 கட்டம் உயரம். மொத்தம் 24,000 ஓடு. அது அத்தனையையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வரைஞ்சுக்கிட்டு இருந்தான்! நொடிக்கு 60 ஃப்ரேம் வேணும்னா 14,40,000 தடவை. திரைக்கு வெளியே விழுறதை பைகேம் வெட்டிரும், உண்மைதான். ஆனா வெட்டணுமான்னு பார்க்கிறதுக்கே ஒவ்வொரு தடவையும் நேரம் போகுமே.

ஸ்க்ரோலிங்ல முதல்ல புரிய வேண்டியது இதுதான்: மேப் நகர்றதே இல்லீங்க. நாம பார்க்கிற ஜன்னல்தான் நகருது. ஜன்னல் 640க்கு 480 பிக்சல், ஒரு ஓடு 32 பிக்சல்னா, உள்ளே தெரியுறது 20க்கு 15 ஓடு. ஓரத்துல பாதி பாதியா தெரியுறதுக்காக பக்கத்துக்கு ஒண்ணு கூட்டிக்கிட்டா 21க்கு 16. ஆக 336 ஓடுதான் வரையணும். 24,000 எங்கே, 336 எங்கே? எழுபது மடங்குக்கு மேல வெட்டி வேலை.

எந்த 336ங்கிறதுக்குப் பெரிய கணக்கெல்லாம் வேணாம், அஞ்சாங்கிளாஸ் வகுத்தல் போதும். ஜன்னலோட இடது ஓரம் மேப்புல 1000ஆவது பிக்சல்ல இருக்குன்னு வைங்க. 1000ஐ 32ஆல வகுத்தா ஈவு 31, மீதி 8. ஈவு சொல்றது, 31ஆவது கட்டத்துல ஆரம்பின்னு. மீதி சொல்றது, அந்த ஓட்டை 8 பிக்சல் இடப்பக்கம் தள்ளி வரைன்னு. அங்கேருந்து 51ஆவது கட்டம் வரைக்கும் வரைஞ்சா முடிஞ்சது. மீதியை விட்டுட்டா மேப் வழுக்கிப் போகாம 32 பிக்சலா தாவித் தாவிப் போகும். ஜன்னல் ஹீரோவை நடுவுல வச்சுக்கிட்டு நகரணும், ஆனா 0க்குக் கீழேயும் 12,160க்கு மேலேயும் போகக்கூடாது. போனா மேப்புக்கு வெளியே இருக்கிற கறுப்பு தெரியும்.

பத்து வரி மாத்தினோம். அதே செகண்ட் ஹேண்ட் பொட்டியில கேம் வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. இதுல பெரிய காமெடி என்னன்னா, பைகேம் சாதாரணமா ஒரு படத்தை இன்னொண்ணு மேல ஒட்டுற வேலையை சிபியூதான் செய்யுது. அந்த 55 ஆயிரத்துல கிராஃபிக்ஸ் கார்டுக்குன்னு கொடுக்கிற காசு இந்த வேலையில சும்மா தூங்கியிருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1985ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். நிண்டெண்டோ பொட்டியில திரைக்கான நினைவகம் 2 கிலோபைட், அதாவது ரெண்டு திரை அளவு ஓட்டு எண்கள். மரியோ ஓட ஓட, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல அடுத்தடுத்த நெடுவரிசையை எழுதிக்கிட்டே போவாங்க. மேகமும் புதரும் ஒரே ஓடுகள்தான், கலர் மட்டும் வேற. 1990ல ஐபிஎம் பிசியில நிண்டெண்டோ மாதிரி வழுக்குற ஸ்க்ரோலிங் வராதுன்னு பலரும் நினைச்சுக்கிட்டு இருந்தப்ப, 20 வயசு ஜான் கார்மேக் இஜிஏ கார்டுல அதைச் செஞ்சு காட்டினார். சின்ன நகர்வைக் கார்டே பார்த்துக்கும். ஒரு ஓடு அளவு நகர்ந்ததும், முன்னாடி அதே இடத்துல இருந்த ஓடும் புதுசா வர வேண்டிய ஓடும் வேற வேறயா இருந்தா மட்டும் வரைவார். நீல வானத்துக்குப் பக்கத்துல நீல வானம்னா தொடவே மாட்டார். அந்த வருஷம் டிசம்பர்ல வந்த கமாண்டர் கீன் அப்படி ஓடினதுதான்.

அவங்களும் பொட்டி பத்தாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் சொன்னேனே, அந்த மாதிரி.

"இதையெல்லாம் யூனிட்டி, கோடாட் பார்த்துக்கும், எதுக்குத் திரும்பச் சக்கரம் கண்டுபிடிக்கணும்?"னு ஆபீஸ் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். வேலைக்கு எஞ்சினே எடுங்க, நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனா ஒரே ஒரு தடவை கையால எழுதிப் பாருங்கன்னு சொல்றேன். எது தேவை, எது தேவையில்லைன்னு பிரிக்கிற புத்தி அங்கேதான் வருது. பத்தாயிரம் வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமா இழுத்துட்டு இருபதை மட்டும் காட்டுற வெப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத அத்தனை வரிசையையும் வரையுற ஆப்... எல்லாம் என் தம்பி செஞ்ச அதே தப்புதான். அங்கேயும் முதல் தீர்வா நாம சொல்றது என்ன? "சர்வரைப் பெருசாக்கு." கம்பெனி காசுல அது எடுபடும். சித்தி வளையல்ல எடுபடாது.

காலேஜ்ல கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பேப்பர் எனக்கும் இருந்துச்சு. கோடு வரையுற அல்காரிதத்தை 16 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணேன். ஈவும் மீதியும் சேர்ந்தா ஒரு உலகமே நகரும்னு யாரும் சொல்லல. எதுக்கு எடுத்தாலும் கான்ஃபிகரேஷன்னு சொல்ற பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பதான் புரியுது.

நம்மள்ல நிறைய பேர் பொட்டி தட்டுறவங்க. சொந்தக்காரப் பசங்க போன் பண்ணிக் கேட்பாங்க. நாம சொல்ற ஒரு வார்த்தைக்கு ஊர்ல என்ன விலைன்னு நமக்குத் தெரியாது. தயவுசெஞ்சு கோடைப் பார்க்காம பொட்டியைக் குறை சொல்லாதீங்க.

கிளம்புறப்ப பையன் கேட்டான், "அண்ணே, எதிரிங்களையும் ஜன்னலுக்குள்ள இருந்தா மட்டும் வரையலாம்ல?" புதுப் பொட்டி வாங்கியிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது. சித்தி வளையலைத் திரும்பப் போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தாங்க.